சித்தப்பா மேற்கே பார்த்து எழுந்திருக்கக் கூடாது

“குறியீட்டோடயா லே நான் இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன்?”

சித்தி கத்தவில்லை. பரீட்சைத் தாளில் தப்பான விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுக்கிற நிதானத்தில் கேட்டாள். கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருஷம். விடுதி அறையில் இரவல் வாங்கிய இறையியல் புத்தகங்கள். எதைப் பற்றிக் கேட்டாலும் கைவசம் ஒரு கருத்து. உயிர்த்தெழுதல் என்பது சீஷர்களின் உள்ளத்தில் எழுந்த நம்பிக்கைக்கு ஒரு குறியீடு, அதைப் போய் உடம்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதிதான் சொல்ல முடிந்தது.

அவள் மடியில் சித்தப்பாவின் அடக்கத்தன்று எடுத்த கலர்ப் படங்கள் இருந்தன. ஸ்டுடியோக்காரர் அன்று மதியம்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இதுல என்ன தெரியுது, பாரு.”

மழை தெரிந்தது. குடைகள். குழிக்குள் கயிற்றில் பாதி இறங்கிய பெட்டி. பின்னால், மேகம் கழுத்துவரை போர்த்திய மலை.

“நல்லாப் பாரு. பிசிக்ஸ் படிக்கிறவன்தான நீ?”

பார்த்தேன். சவப்பெட்டி தோள்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சிலுவையும் இருந்தது. அதன் நீளமான அடிப்பாகம் ஒடுங்கிய பக்கம். அந்த ஒடுங்கிய பக்கம் மலையைப் பார்த்து இருந்தது. மலை எங்கள் ஊருக்கு மேற்கே.

“கால் மேக்க இருக்கு சித்தி.”

“ஆங். எந்திரிச்சா எங்க பார்த்து நிப்பாக?”

“மலையப் பார்த்து.”

“கர்த்தர் எந்தப் பக்கமா வாராரு?”

அவளே சொன்னாள். “கிழக்க இருந்து வாரவருக்கு முதுகக் காட்டிட்டு நிக்கச் சொல்லுதியா ஒஞ் சித்தப்பாவ?”

அந்த நிமிஷம்தான் எனக்குள் ஏதோ இடம் மாறியது. இந்தச் சபையில் உயிர்த்தெழுதலை நிஜமாகவே நம்புகிற ஒருத்தி எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருக்கிறாள்! செத்தவர் ஒருநாள் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நிற்பார் என்று நம்புகிறவளுக்குத்தான் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார் என்பது பிரச்சினை. மற்றவர்களுக்கு எப்படிப் புதைத்தால் என்ன?

தெரியாதவர்களுக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். மரித்தவர்கள் அப்படியே எழுந்து நின்றால் முகத்துக்கு முகம் அவரைப் பார்க்கலாம். இதற்காகத்தான் அத்தனை கல்லறைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து வரிசையாக இருக்கின்றன. பெட்டியைக் கால் முன்னால் போகத் தூக்குவோம். தோட்டத்தின் வாசல் மேற்கே ரோட்டுப் பக்கம் இருப்பதால் உள்ளே நுழைந்து நேராகப் போய் இறக்கினாலே கால் கிழக்கே வந்துவிடும். யாரும் யோசிக்கத் தேவையே இல்லை.

யோசிக்கத் தேவையில்லாததுதான் வினையாகிப் போனது. சித்தப்பா பாபநாசம் மின்நிலையத்தில் ஷிப்டில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தன்று ஐப்பசி மழை. கால்வாய் உடைத்துக்கொண்டு ரோட்டு வாசலில் இடுப்பளவு தண்ணீர். வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போய், கிழக்குச் சுவர் இடிந்த இடத்தில் ஏறி உள்ளே நுழைந்தார்கள். கால் முன்னால். பழகிய கை, பழகிய நடை, நேராகப் போய் இறக்கிவிட்டார்கள். மழைக்குப் பயந்து ஜெபமும் சுருக்கம். பெயர் எழுதிய மரச்சிலுவையை வழக்கம்போல் தலைமாடு என்று மேற்கே நட்டுவிட்டார்கள். சித்தப்பாவின் காலடியில் அவர் பெயர் நிற்கிறது. செமஸ்டர் பரீட்சை எழுதிவிட்டு நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சித்தி அங்கே இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாள். அவள் இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும், கல்லறைக்கு ஆண்கள் மட்டும் போக வேண்டும் என்பது எங்கள் ஊரின் இன்னொரு வழக்கம். அது அன்றைக்கு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொன்னால்தான் சித்தியின் வேதனை புரியும். யார் வந்தாலும் எழுந்து நிற்கிற மனுஷன் அவர். தயிர்க்காரி வந்தாலும் எழுந்திருப்பார். சித்தியிடம் டியூஷனுக்கு வருகிற ஆறாங்கிளாஸ் பையன் வந்தாலும் எழுந்திருப்பார். வீட்டில் அவருடைய நாற்காலி எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் கிடக்கும். வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் எழுந்து நாலடி முன்னால் வந்துவிடுவார். கல்யாண வீடுகளில் இப்படி எழுந்து எழுந்தே நாற்காலியைப் பறிகொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். “ஒக்காருங்க, யாரு ஒங்கள எந்திரிக்கச் சொன்னா” என்று சித்தி ஆயிரம் தடவை வைதிருக்கிறாள்.

“தயிர்க்காரிக்கு எந்திரிச்சாகளே லே,” என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

லீவு முடிந்து பாளையங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. குறியீடாம்! யாருக்கு வேண்டும்? ஒரு நல்லவரைப் பிடித்துக் கொன்றார்கள், அவருடைய நினைவு மட்டும் சாகவில்லை என்றால் அதற்குப் பெயர் இரங்கல் கூட்டம். இரங்கல் கூட்டத்துக்குக் கோபுரம் எதற்கு, மணி எதற்கு? நல்ல போதனைக்கு இந்த ஆற்றங்கரையில் பஞ்சமே இல்லை. பாபநாசத்திலிருந்து கடல்வரை கோயிலும் மடமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. பொய் சொல்லாதே, திருடாதே, பிறரை நேசி என்று எங்கே வேண்டுமானாலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம். எங்களிடம் தனியாக இருப்பது ஒரே ஒரு செய்தி. கொன்றார்கள், புதைத்தார்கள், கல்லை வைத்து மூடினார்கள், காவல் போட்டார்கள். அவர் எழுந்து வந்துவிட்டார். இதை எடுத்துவிட்டால் கொன்றவர்கள் ஜெயித்தார்கள் என்றுதான் அர்த்தம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி எங்கே போகிறோம்? முதல் சபைகளுக்கு எழுதிய அப்போஸ்தலனும் இதைத்தான் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறான்: அவர் எழும்பவில்லை என்றால் நாங்கள் பேசுவதும் வீண், நீங்கள் நம்புவதும் வீண். அதைப் படித்துப் படித்தே மழுங்கடித்துவிட்டோம்.

உடம்பு முக்கியமில்லை, ஆவிதான் முக்கியம் என்று சொல்வது யாருக்கு வசதி? எங்கள் பூர்வீகம் ராதாபுரத்துப் பக்கம் பனங்காடு. மரத்தைக் கட்டிக் கட்டி ஏறி நெஞ்சும் காலும் காய்த்துப்போன ஆட்கள். அந்த உடம்பு எதிரே வந்தால் ஒதுங்கி நில் என்று சொன்ன ஊரில், அந்த உடம்பைத் தொடாமல் தள்ளிவைத்த தெருவில், யாரோ ஒருவர் வந்து ‘இந்த உடம்பை, காய்ப்போடும் தழும்போடும் இதே உடம்பைக் கடவுள் மறுபடி எழுப்புவார், மகிமையாய் நிறுத்துவார்’ என்று சொல்லியிருக்கிறார். என் பாட்டன் பூட்டன் அதைக் கேட்டுத்தான் வந்தார்கள். தழும்போடு எழுந்து வந்தவரைத்தான் அவர்களால் நம்ப முடிந்தது. நினைவில் வாழ்வார் என்று சொல்லியிருந்தால், ‘போவும் வே, சோலியப் பாத்துக்கிட்டு’ என்று மறுபடி மரத்தில் ஏறியிருப்பார்கள்.

பொங்கல் முடிந்து நானும் சித்தியும் எங்கள் போதகர் வீட்டுக்குப் போனோம். ஐயர் என்றுதான் எங்கள் ஊரில் போதகரைச் சொல்வோம். நல்ல மனுஷர். அவர்தான் அன்றைக்கு மழையில் நனைந்து ஜெபம் பண்ணினவர். படத்தை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“டீச்சரம்மா, ஆண்டவருக்கு ஏது திசை? கடல்ல முங்கினவுக, தீயில கருகினவுக எல்லாரையும் எழுப்பப் போறவருக்கு ஒங்க வீட்டுக்காரரத் திருப்பி நிறுத்தத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும் ஐயா. நமக்கு என்ன தெரியும்னுதான் கேக்கேன். கடல்ல செத்தவுகளுக்கு யாரும் திசை வைக்கல. இவுகளுக்குத் திசைன்னு ஒண்ணு இருந்துச்சு. நீங்கதான் தொலைச்சிட்டீய.”

“அது ஒரு வழக்கந்தானம்மா.”

“பொம்பளைகள வாசலோட நிறுத்துனதும் வழக்கந்தான். அத மட்டும் மறக்காமச் செஞ்சீயளே?”

ஐயர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, “மறுபடி தோண்டுனா உள்ள எந்த நெலமையில இருக்கும்னு…” என்று இழுத்தார்.

“ஐயா, நான் ஆழ்வார்குறிச்சியில பத்தாங்கிளாசுக்கு உயிரியல் எடுக்கிறவ. உள்ள என்ன நடக்கும்னு பாடமே நடத்துதேன். தெரியாமலா கேக்கேன்? அத்தனையும் தெரிஞ்சுதான் ஞாயித்துக்கிழமைதோறும் எல்லாரோடயும் எந்திரிச்சு நின்னு, சரீரம் எழும்பும்னு சொல்லுதேன். நீங்க எதத் தெரிஞ்சு சொல்லுதீய?”

ஐயருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கமிட்டியில் வைக்கிறேன் என்றார். அதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், தோண்டுவதென்றால் அரசாங்க அனுமதி வேண்டும் என்றார்.

தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒரு முஸ்லிம் பெரியவர். வெள்ளைத் தொப்பி, காதில் பேனா. திசை மாறிப் புதைத்ததை நான் சுற்றி வளைத்து, மத நம்பிக்கை, உரிமை என்றெல்லாம் சொல்ல ஆரம்பிக்க, அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டுச் சித்தியிடம் கேட்டார். “மொகம் மாறிப் போச்சாம்மா?”

“ஆமா பாய்.”

“அடப் பாவமே! எங்களுக்கு மொகம் மேக்கால இருக்கணும். கபுறுல இறக்குனதும் மொதல்ல அதத்தான் பாப்போம். கியாமத்து நாள்ல எந்திரிக்க வேண்டிய ஆளுல்லா?” அவர் ஏற்கெனவே காகிதத்தைத் தேட ஆரம்பித்திருந்தார். “ஒங்களுக்குக் கிழக்கயா? சரிதான். மனு நான் எழுதித் தாரேன். ஆனா ஒங்க சபையில சம்மதம்னு எழுதி வாங்கணும். அது இல்லாம மேல நகராது.”

வெளியே வந்ததும் சித்தி சொன்னாள். “பாத்தியா? ஒரு வார்த்தை வெளக்கம் கேக்கல.”

எங்கள் ஐயருக்கும், கமிட்டிக்கும், புத்தகம் படித்த எனக்கும் விளக்க வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கமிட்டி, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கோயிலிலேயே கூடியது. வாலிபர் சங்கத்தின் சார்பில் எனக்கும் ஒரு நாற்காலி. சித்தி கடைசி பெஞ்சில். தலைமை நாற்காலியில் ஐயர், அவருக்கு இடப்பக்கம் அரிசி ஆலை அண்ணாச்சி. அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அடக்கத்தன்று பெட்டியின் கால்பக்கத்தைத் தூக்கினவர்களில் அவரும் ஒருவர்.

“ஊரு சிரிக்கும் வே,” என்றார், காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே. “பொதைச்சத எடுத்துத் திருப்பி வச்சாங்கன்னு நாளைக்கு டீக்கடையில இதுதான் பேச்சு. அவரும் பவர் ஹவுஸ்ல இருந்தவருதான? மலைமேல அணையப் பாத்துட்டு இருந்துட்டுப் போட்டுமே.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கடைசி பெஞ்சு சிரிக்கவில்லை.

அண்ணாச்சி அதைக் கவனித்துவிட்டுக் குரலை மாற்றினார். “டீச்சர், வருத்தப்படாதிய. இதெல்லாம் மனசுல நம்புற சங்கதி. உயிர்த்தெழுதல்னா நம்ம மனசுல எழும்புனா போதும்.”

நான் கிறிஸ்மஸுக்குச் சொன்ன அதே வசனம், வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேன். முன்யோசனை எதுவும் இல்லை, சத்தியமாக. ஞாயிறுதோறும் எல்லாரும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். விசுவாசப் பிரமாணத்தின் முதல் வார்த்தை காதில் விழுந்தால் கால்கள் தானாக எழும்பும், தூங்குகிறவர்கூட எழுந்துவிடுவார். ஐயர் எழுந்தார். கமிட்டி எழுந்தது. அண்ணாச்சி காபி டம்ளரோடு எழுந்தார். எல்லாரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வந்தோம். சரீரம் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கினேன்.

“இங்கன நிறுத்துங்க. இத நம்புறவங்க அப்படியே நில்லுங்க. சும்மா வழக்கம், மனசுல எழும்புனா போதும்னு நினைக்கிறவங்க உக்காருங்க.”

யாரும் உட்காரவில்லை. எப்படி உட்கார்வார்கள்? பீடத்துக்கு முன்னால், ஐயர் பார்க்க, உட்காரத்தான் முடியுமா?

“ஏலே,” என்றார் அண்ணாச்சி, கையில் காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. “நாலெழுத்துப் படிச்சிட்டு வந்து எங்களுக்கே பரீட்சை வைக்கியா? நிக்கவும் முடியல, ஒக்காரவும் முடியல!”

“நீங்க நிக்கீய அண்ணாச்சி,” என்றாள் சித்தி பின்னாலிருந்து. “அவுகளும் அப்படித்தான் நிக்கணும். சரியான பக்கம் பார்த்து.”

ஐயர் நின்றபடியே பேசினார். “பெரிய வெள்ளிக்கு நம்ம கோயில்ல நிக்க எடமிருக்காது. மூணு மணி நேரமும் அழுதுட்டு, கஞ்சி குடிச்சிட்டுப் போறோம். ஈஸ்டருக்கு விடியக்காலம் பாதி பெஞ்சு காலி. வருசா வருசம் இதப் பாக்கேன், ஏன்னு எனக்குப் புரிஞ்சதில்ல. இப்பப் புரியுது. அழத்தான் நமக்கு வருது.” கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா வச்சவன் நான். தெரிஞ்சும் விட்டுட்டு, ஈஸ்டரன்னைக்கு இந்தப் பீடத்துல நின்னு நான் என்னத்தச் சொல்ல? சம்மதம்னு எழுதுங்க. மொதல் கையெழுத்து நான் போடுதேன்.”

அண்ணாச்சி கடைசியாகப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே சொன்னார். “ஒரு கண்டிசன். பைய, சத்தமில்லாம முடிக்கணும். ஆம்பிளைக மட்டும் போவோம்.”

“நானும் வருவேன்,” என்றாள் சித்தி.

“டீச்சர், பொம்பளைக கல்லறைக்குள்ள வாரது நம்ம ஊருல…”

“ஈஸ்டரன்னைக்கு விடியக்காலம் கல்லறைக்கு மொதல்ல போனவுக யாரு அண்ணாச்சி? ஆம்பிளைகளா?”

அண்ணாச்சி ஐயரைப் பார்த்தார். ஐயர் தரையைப் பார்த்தார். சுகந்தவர்க்கங்களை எடுத்துக்கொண்டு போன பெண்களின் கதையை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆம்பிளைகள் அந்நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அந்தப் பெண்கள் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் கோயில் வாசலோடு நின்றிருப்பார்கள். செய்தி வெளியே வந்தே இருக்காது.

அனுமதிக் காகிதம் போன வாரம் வந்துவிட்டது. கிளார்க் பாய் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் பண்ணி, என்னைக் கூப்பிட்டு அனுப்பிச் சொன்னார். முடிந்ததும் ஒரு வார்த்தை தெரிவிக்க வேண்டுமாம்.

இதை எழுதும்போது பெரிய வெள்ளி இன்னும் வரவில்லை. அதற்கு மறுநாள் சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், தோண்டப் போகிறோம். பழைய பெட்டி தாங்காவிட்டால் வைக்க, வேப்பம்பலகையில் புதுப் பெட்டி ஒன்று ஆசாரி பட்டறையில் தயாராக இருக்கிறது. நெல் மூடுகிற படுதாவையும் வடக்கயிற்றையும் அண்ணாச்சி ஆலையிலிருந்து அனுப்புகிறார். “ஊரு சிரிக்கும்” என்று இன்னமும் சொல்லிக்கொண்டேதான் அனுப்புகிறார். நான் ஆய்வுக்கூடத்தில் கேட்டு ஒரு திசைகாட்டி வாங்கி வைத்திருக்கிறேன். மலை நிற்கிற ஊரில் அது எதற்கு என்று சித்தி கேட்டாள். இருக்கட்டும், இந்தத் தடவை யாரும் மழையையும் வாசலையும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

இடிந்த சுவர் வழியாக இல்லை, ரோட்டு வாசல் வழியாகவே உள்ளே போவோம். சித்தி முன்னால் நடப்பாள். அவளோடு வருவதாக இன்னும் சில பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் யாராவது தடுத்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டி இறங்கும்போது சித்தி கிழக்கே, கால்மாட்டில் நிற்பாள். தலைமாட்டுக் கயிறு எனக்கு.